சவுக்காரத்துக்குப் பதினொரு புள்ளி

பக்கத்து வீட்டு றெனால்ட் தன் நாயை இரண்டு வருடம் தார்ப் பீப்பாயோடு கட்டிப்போட்டுப் பட்டினி போட்டான். அதற்காகப் பேசாலைச் சந்தியில் அவனுக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் படம் வைத்திருக்கிறார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. தலைமன்னார் பஸ்ஸில் போகிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்க்கலாம். வெள்ளைச் சேர்ட் போட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறான். கீழே "மனம் மாறினேன், மனிதனானேன்" என்று எழுதியிருக்கிறது.

இந்தப் படத்தை வைத்தது மன்னாரில் இருக்கும் நாதியற்ற விலங்குகளுக்கான மீட்பு, வைத்திய, மறுவாழ்வு மத்திய நிலையம். பெயர் நீளம் என்பதால் நாங்கள் நிலையம் என்றே சொல்வோம். அவர்கள் ஒருநாள் ஜீப்பில் வந்து றெனால்டின் நாயை மீட்டார்கள். ஒரு மாதம் வைத்தியம் பார்த்தார்கள். பிறகு அதே நாயை அதே றெனால்டிடம், மனமாற்றச் சான்றிதழ் ஒன்றோடு, திருப்பிக் கொடுத்தார்கள். நாய்க்கு மாபிள் பதித்த கூடு. றெனால்டுக்கு மழைக்கோட்டு, ரீசேர்ட், தரம் ஒன்று மீட்பாளர் என்று அச்சடித்த அட்டை. அந்த அட்டையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இப்போது அவன் பூசைக்கு வருகிறான்.

எனக்குப் பொறாமை. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். பங்குச் சுவாமி மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துச் சந்திக்கு வந்தால் பன்னிரண்டு அடியில் றெனால்ட் சிரிக்கிறான். மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் டொமினிக். படகு எஞ்சின் திருத்துகிறவன். ஆறு வருடமாக ஒரு கழுதையைப் பார்த்து வருகிறேன். மன்னாரில் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. றோட்டின் நடுவில் நிற்கும், பஸ் வந்தாலும் விலகாது, கிடைத்த கடதாசியைத் தின்னும். இந்தப் பெட்டைக் கழுதை முதல்நாள் எங்கள் கிணற்றடிக்கு வந்து ஒரு முழுச் சவுக்காரக் கட்டியைத் தின்றுவிட்டு, வாயெல்லாம் நுரையோடு நின்றது. என் மனைவி ஜெஸ்லியா விசர்க் கழுதை என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் தண்ணீர் வைத்தேன். அன்றிலிருந்து அதன் பெயர் சவுக்காரம். காலையில் கஞ்சி, பின்னேரம் பழத்தோல். போன வருடம் கழுத்தில் ஒரு உத்தரியமும் கட்டிவிட்டேன். மாதாவின் கயிறு கழுத்தில் இருந்தால் பஸ்காரன் கொஞ்சம் பிறேக் பிடிப்பான் என்று ஒரு நம்பிக்கை.

இதற்கெல்லாம் எனக்கு ஒரு ரீசேர்ட்கூட யாரும் தரவில்லை.

ஒரு திங்கட்கிழமை சவுக்காரம் மூன்று காலில் வந்தது. கடற்கரையில் யாரோ எறிந்த நைலோன் வலை பின்னங்காலில் சுற்றி, நடக்க நடக்க இறுகி, எலும்பு வரைக்கும் போயிருந்தது. குறட்டால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். அது என்னை உதைக்கவில்லை. தலையை என் முதுகில் வைத்துக்கொண்டு நடுங்கியது. ஜெஸ்லியா திட்டிக்கொண்டே மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அடுத்தநாள் காலையில் கால் வீங்கி மணக்கத் தொடங்கிவிட்டது. மாட்டு டொக்டரின் கந்தோருக்குப் போன் எடுத்தேன். மாடு, ஆடு, கோழி மட்டும்தான் பார்ப்பார்களாம். கழுதை அவர்களுடைய அட்டவணையில் இல்லையாம்.

மீன் ஏற்றுகிற பட்டா வாகனத்தில் சவுக்காரத்தை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, மெத்தை வைத்த கதிரைகள். ஒரு பூனை மட்டும் அங்கே இருந்தது. அதுவும் கந்தோர்ப் பூனை.

தகுதி மதிப்பீட்டு அலுவலர் துஷ்யந்தி வெளியே வந்து கழுதையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். கையில் பதினாறு பக்கப் படிவம் இருந்தது.

"அண்ணை, நாங்கள் புறக்கணிக்கப்பட்ட விலங்குகளைத்தான் எடுக்கிறனாங்கள். நூறுக்கு அறுபது புள்ளி வேணும். பாப்பம்." அவர் குனிந்து காலைப் பார்த்தார். "ஆழமான காயம். பதினாறு புள்ளி. நல்லது, நல்லது. இதில மஞ்சள் பூசினது ஆர்?"

"என்ர மனுசி."

"அஞ்சு புள்ளி போச்சு."

விலா எலும்பு தெரியவில்லை: பூச்சியம். உண்ணி இல்லை: பூச்சியம். என்னிடம் பெயரைக் கேட்டார். நான் சொல்லி வாய் மூடவில்லை, சவுக்காரம் தலையைத் திருப்பிப் பார்த்தது. துஷ்யந்தி பேனையை மூடினார்.

"பதினொண்டு. பேர் சொன்னால் வேற திரும்பிப் பாக்குது. அண்ணை, குறை நினைக்கக் கூடாது. நீங்கள் இதை இன்னும் கொஞ்சம் கவனிக்காமல் விட்டிருக்கலாம்."

அப்போது உள்ளேயிருந்து டொக்டர் முஸ்பிரா வந்தார். அவர் படிவத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். முழந்தாளிட்டு, விரலால் மெல்ல அழுத்தி, முகத்தைச் சுளித்தார்.

"உள்ளுக்குச் சீழ் கட்டியிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள திறந்து துப்பரவாக்கோணும். பிந்தினால் கால் போகும். மூண்டு காலில கழுதை கனநாள் நிக்காது."

"அப்ப இப்பவே செய்யுங்கோவன், டொக்டர்."

"எனக்குச் செய்ய விருப்பம்தான், நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "ஆனால் மருந்து அலுமாரி பதிவிலக்கம் அடிச்சால்தான் திறக்கும். இலக்கம் அறுவதுக்கு மேல புள்ளி வந்தால்தான் வரும்." அவர் தன் கைப்பையில் இருந்த இரண்டு நோக் குளிசையை எடுத்து என் கையில் வைத்தார். "இது என்ர சொந்தம். என்ர தலையிடிக்கு வச்சிருந்தது. கழுதைக்குக் குடுக்காதீங்க. உங்களுக்குத் தேவைப்படும்."

துஷ்யந்தி அதற்குள் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "கழுத்தில என்ன? உடைமை அடையாளமோ?"

"அது மாதா கயிறு, தங்கச்சி."

"அப்பிடியெண்டால் உரிமையாளர் மாதா எண்டுதான் நான் பதியோணும். உரிமையாளர் கைவிட்டதுக்கு ஒரு கடிதம் வேணும். உங்கட பங்குச் சுவாமியிட்ட வாங்கிக்கொண்டு வாங்கோ."

அவர் பகிடி விடவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை சுவாமியிடம் போனேன். அவர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டொமினிக், மாதா எல்லாருக்கும் தாய். இந்தக் கழுதைக்கு மட்டும் இல்லை எண்டு நான் எப்பிடி எழுதித் தாறது? ஆயர் கண்டால் என்னை எங்க மாத்துவார் தெரியுமோ?"

வேறு வழியில்லாமல் உத்தரியத்தை அவிழ்த்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். துஷ்யந்திக்குப் போன் எடுத்தேன். மாதா விலகிவிட்டா என்று சொன்னேன். அவர் சந்தோசப்பட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் திடீர்ச் சோதனை செய்வதாகவும், அதற்குள் கழுதையை இயன்றளவு புறக்கணித்து வைக்கும்படியும் சொன்னார்.

எனக்கு அது பழக்கமில்லாத வேலை. சவுக்காரத்தைக் கருவாடு காயப்போடும் வாடிக்கு அங்கால் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீட்டுப் படலையைத் திறக்கும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. மூன்று காலில் நொண்டி நொண்டி எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது. அந்தக் காலோடு அதை அவ்வளவு தூரம் நடக்கவிட்டதை நினைத்து எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. உட்கார்ந்து காலில் எண்ணெய் பூசித் தடவிக் கொடுத்தேன். கஞ்சியும் வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று றெனால்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மார்பில் அட்டை.

"உமக்கு வராது, டொமினிக். இதுக்கு ஒரு மனசு வேணும். முதலாவது, கண்ணைப் பாக்கக் கூடாது. ரெண்டாவது, பேர் வைக்கக் கூடாது. என்ர நாய் ஜிம்மிக்கு நான் ரெண்டு வருசமாய்ப் பேரே வைக்கேல்லை. நிலையத்து ஆக்கள்தான் வச்சவை."

அவன் பெருமையோடு சொன்னான். அதைவிடக் கேவலம் என்னவென்றால், கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அந்தத் திறமை இல்லையே என்று பொறாமையாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. நான் கழுதையைத் தெரியாதவன் போல வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெஸ்லியா அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக, "ஆரின்ர கழுதை இது?" என்று கேட்டாள். சவுக்காரம் நேரே வந்து என் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடியது. துஷ்யந்தி அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"ஒன்பது," என்றார். "குறைஞ்சுபோச்சு, அண்ணை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, முற்றத்தில், கழுதையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அதன் கால் அப்போது முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. துஷ்யந்தி அதையும் போட்டோ எடுத்தார், எடுக்கும்போது அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பதினாலாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஒரு வழி இருக்குது. தரம் ஒன்று மீட்பாளர் ஒருத்தர் முறைப்பாடு செய்து, புறக்கணிச்ச ஆள் தன்ர கையால ஒப்புதல் வாக்குமூலம் எழுதித் தந்தால், விலங்கைப் பாக்கத் தேவையில்லை. வாக்குமூலத்துக்குத்தான் புள்ளி."

பேசாலையில் தரம் ஒன்று மீட்பாளர் ஒரே ஒரு ஆள்தான். நான் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவன் அட்டையைத் துடைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஏற்கெனவே வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிய நிலையத்துக்குப் போனோம். சவுக்காரம் நிற்க மாட்டாமல் பட்டாவின் தட்டில் படுத்துக் கிடந்தது. அதை மீட்டவனாக றெனால்ட் முன்சீற்றில் இருந்தான். குற்றவாளியான நானும் ஜெஸ்லியாவும் பின்னால், கழுதையோடு.

வாக்குமூலத்தில் இருபது வரி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கொடுமை வேண்டும். நான் பேனையைப் பிடித்தேன். அடித்தேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

"எத்தினை தரம் அடிச்சனீங்கள்?" என்று துஷ்யந்தி உதவிக்குக் கேட்டார்.

"அடிக்கேல்லை, தங்கச்சி."

"அப்ப என்னத்தைத்தான் செய்தனீங்கள்? இப்பிடி ஒண்டும் செய்யாமல் வந்து உதவி கேட்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

ஜெஸ்லியா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இஞ்சருங்கோ. கலியாணம் கட்டி இருவத்திரண்டு வருசம். ஒருநாள் என்ர காலில எண்ணெய் பூசிவிட்டனீங்களோ? இந்தக் கழுதைக்கு மூண்டு நாளாய் மூண்டு நேரமும் பூசுறியள். அதின்ர கஞ்சி ஆறிப்போச்சோ எண்டு விரல் வச்சுப் பாக்கிறியள். நான் சாப்பிட்டனோ எண்டு எப்ப கேட்டனீங்கள்?"

"ஜெஸ்லியா, இப்ப அதில்லை..."

"இப்ப அதுதான். எனக்குச் செய்ததெல்லாத்தையும் அதுக்குச் செய்தமாதிரி எழுதுங்கோ. இருவது வரியும் நிறையும்."

எழுதினேன். காய்ச்சல் வந்து கிடந்தபோது எஞ்சினோடு கடற்கரைக்குப் போனேன். பிறந்தநாள் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மடு மாதா திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி நாலு வருடம் ஏமாற்றினேன். போட்ட சாப்பாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்த வரியில் கழுதைக்கும் மனைவிக்கும் ஆள் மாறிவிட்டது, துஷ்யந்தி கவனிக்கவில்லை. ஜெஸ்லியா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினேழாவது வரிக்கு மேல் எனக்கு அவள் சொல்லவே தேவைப்படவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது. வெட்கத்தில் நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

துஷ்யந்தி கூட்டிப் பார்த்தார். வாயில் கை வைத்தார்.

"எண்பத்தாறு. அண்ணை, இப்பிடி ஒரு கொடுமையை நான் இந்தச் சேவையில கண்டதேயில்லை."

"இன்னும் ஒரு தாள் இருந்தால் தாங்கோ," என்றாள் ஜெஸ்லியா.

கடைசியாக ஒரு உறுதிமொழி. இந்த விலங்குக்கு இனி நான் உணவு வைக்க மாட்டேன், நூறு மீற்றருக்குள் வர மாட்டேன். கழுதை இனி இருக்கப்போகிற றெனால்டின் வீடு என் வீட்டிலிருந்து பன்னிரண்டு அடிதான் என்று சொன்னேன். துஷ்யந்தி கொஞ்சம் யோசித்து, "மனத்தளவில்" என்று ஒரு சொல்லை இடையில் சேர்த்து, ஓரத்தில் கையொப்பம் வைத்தார். நான் மனத்தளவில் நூறு மீற்றர் தள்ளியிருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கோ உள்ளே அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

டொக்டர் முஸ்பிரா இரண்டு மணித்தியாலம் வேலை செய்தார். புறக்கணித்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே றெனால்ட் சவுக்காரத்தின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மடி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"கால் தப்பிட்டுது, நானா. மஞ்சள் பூசினபடியால்தான் இவ்வளவு நாள் தாங்கினது. இதை நான் அறிக்கையில எழுத ஏலாது. புள்ளி குறைஞ்சிரும்."

ஒரு மாதம் கழித்து நிலையத்து முற்றத்தில் பந்தல் போட்டுக் கையளிப்பு விழா நடந்தது. சவுக்காரத்துக்கு மாலை. றெனால்டுக்குப் பொன்னாடை. எனக்குக் கடைசி வரிசையில் "புறக்கணித்தோர்" என்று எழுதி ஒட்டிய கதிரை. நிலையத்துப் பணிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பான பொதுமக்களே! மூன்று வருடங்களுக்கு முன் இந்தத் தீவில் ஒரு விலங்காவது முறைப்படி புறக்கணிக்கப்பட்டதாகச் சொல்ல முடியுமா? முடியாது. பசித்த நாய் பசித்தபடி திரிந்தது, அவ்வளவுதான். பதிவு இல்லை, இலக்கம் இல்லை. இன்று நூற்று நாற்பத்தொரு விலங்குகள் முறைப்படி புறக்கணிக்கப்பட்டுள்ளன. இந்த வருட இலக்கு இருநூறு. மிச்சத்தைக் கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும். ஆனால் சில கிராமங்களில் மக்கள் தங்கள் விலங்குகளை நன்றாகப் பார்த்துக்கொள்வதாக எங்களுக்குத் தகவல் கிடைத்திருக்கிறது. நாங்கள் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எங்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று தாழ்மையாகக் கேட்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் சவுக்காரம் வெருண்டு, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, நாலு காலிலும் நடந்து, கதிரை வரிசைகளுக்கு நடுவால் வந்து என் தோளில் தாடையை வைத்தது. நாலு காலிலும். பணிப்பாளர் மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"பாருங்கள்! தன்னைக் கொடுமை செய்தவனையே மன்னிக்கிறது! மனிதர்கள் இந்தக் கழுதையிடம் படிக்க வேண்டும்!"

கைதட்டல் இன்னும் கூடியது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். என்னைப் பார்த்து ஒருவர் காறித் துப்பினார்.

இப்போது சந்தியில் புதுப் பலகை. இடப்பக்கம் "முன்" என்று என் படம், முற்றத்தில் அழுத முகத்தோடு. வலப்பக்கம் "பின்" என்று பொன்னாடையோடு றெனால்ட். அவன் கழுதைக்கு டயானா என்று பெயர் வைத்திருக்கிறான். மாபிள் தொட்டி கட்டி, நிலையம் கொடுத்த உருண்டைத் தீனியை அதில் போடுகிறான். எஞ்சின் திருத்தத் தருகிறவர்கள் பாதிப் பேர் என்னிடம் வருவதில்லை. கழுதையை அந்தப் பாடு படுத்தியவன் எஞ்சினை என்ன செய்வானோ என்ற பயம். வீட்டில் மட்டும் ஒரு வித்தியாசம். ஜெஸ்லியாவின் காலுக்கு இரவில் எண்ணெய் பூசிவிடுகிறேன். அவள் காலை இழுப்பதில்லை.

நேற்றுக் காலையில் றெனால்ட் வேலிக்கு வந்தான். அட்டை இல்லை. முகம் வாடியிருந்தது.

"டொமினிக், டயானா தொட்டியில வாய் வைக்குதில்லை. விடிஞ்சால் இந்த வேலியிலதான் நிக்குது. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்குதில்லை. நிலையத்தில இருந்து திங்கக்கிழமை பாக்க வருகினம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உண்மையைச் சொல்லும். அதுக்கு நீர் என்ன செய்யிறீர்?"

எனக்கும் அவனுக்கும் நடுவில், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, சவுக்காரம் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எதையோ மென்றது. வேலிக் கதியாலில் நான் மறந்துபோய் வைத்த வாழைப்பழத்தோலாக இருக்க வேண்டும். கொஞ்ச நாளாக எனக்கு மறதி கூடிவிட்டது. ஒவ்வொருநாளும் அதே இடத்தில் மறக்கிறேன். றெனால்ட் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். சந்தியில் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்திலும் அதுதான் இருந்தது.

"ஒண்டும் செய்யேல்லை, றெனால்ட்," என்றேன். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தபடி, நான் அதைப் புறக்கணிச்சுக்கொண்டிருக்கிறன்."